பொட்டுக்குப் பின்னால் முள்

என் அண்ணன் செத்துப்போன மறுநாள் காலையிலேயே மேதை ஆகிவிட்டான். முதல் நாள் வரைக்கும் தெருவில் அவனுக்குப் பெயர் புகைவண்டி. அவன் காரை ஸ்டார்ட் செய்கிற சத்தம் கேட்டால் எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து கொடியில் காயும் துணியை அள்ளிக்கொண்டு போவார். போகிறபோது அவன் வம்சத்தையே ஒரு பாட்டு பாடிவிட்டுத்தான் போவார். அந்த வம்சத்தில் நானும் இருக்கிறேன் என்பதால் ஜன்னலை மூடிக்கொள்வேன்.

மறுநாள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். 'வாகனத் துறையின் விடிவெள்ளி' என்று போட்டிருந்தது. கூலிங் கிளாஸ் போட்ட அவன் படத்துக்குப் பின்னால் ஏதோ வெளிநாட்டுச் சிவப்புக் கார் நின்றது. அவன் ஓட்டியது வெள்ளைக் கார். அதிலும் ஒரு கதவு பச்சை. பேனர் கடையில் சிவப்புக் கார்தான் ரெடியாக இருந்ததாம். அந்த விடிவெள்ளிக்குக் கீழே உட்கார்ந்து எதிர்வீட்டு அக்கா மாரில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அவருடைய துணிகள்தான் ஞாபகம் வந்தன. சாவு வீட்டில் சிரிப்பு வந்தால் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொள்ள வேண்டும். பார்க்கிறவர்கள் அழுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும்.

மஞ்சள் காமாலை அவனுக்கு. கண் மஞ்சளானதைப் பார்த்து நான் சொன்னபோது, வெயிலில் நின்று வேலை பார்க்கிறேன் இல்லையா, அதுதான் என்றான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

நான் பத்தாவதில் கணக்கில் போனவள். கடலூரில் ஒரு வளையல் கடையில் நின்றுகொண்டிருந்தேன். சுனாமி வந்து சில வருசம் ஆகியிருந்த நேரம் அது. அண்ணன் ஒரு பைக் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எனக்கு இன்னொரு வேலை இருந்தது. அவன் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து கேஜ் வாசிப்பது.

அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. அண்ணன் ஒரு பழைய பெட்ரோல் காரை வாங்கி, அதற்குப் பெரிய காரிலிருந்து கழற்றின இன்ஜெக்டரை மாட்டினான். இன்ஜெக்டர் என்பது இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுகிற சாமான். சின்ன இன்ஜினுக்குப் பெரிய இன்ஜெக்டர் போடுவது கைக்குழந்தைக்கு அண்டாவில் பால் கொடுக்கிற மாதிரி. அதனால் ஊற்றுகிற அளவைக் கட்டுப்படுத்த ஒரு பெட்டி தேவைப்பட்டது. அதைக் கொண்டுவந்தவர் அண்ணனின் கூட்டாளி, பரங்கிப்பேட்டைக்காரர். துபாயில் கார் பட்டறையில் வேலை பார்த்து, விசா முடிந்து ஊரோடு வந்துவிட்டவர். செண்ட் பாட்டிலுக்கும் பால்பவுடர் டப்பாவுக்கும் நடுவில் வைத்து அந்தக் கன்ட்ரோலரைக் கொண்டுவந்தார். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். அதில் மூன்று திருகு. ஒன்று மெதுவாகப் போகும்போது, ஒன்று நடு வேகத்துக்கு, ஒன்று விரட்டும்போது. வலது பக்கம் திருகினால் பெட்ரோல் கூடும், இடது பக்கம் திருகினால் குறையும். ஒரு குழந்தை செய்யலாம்.

கூடவே வட்டமாக ஒரு கேஜ், கடிகாரம் மாதிரி, நடுவில் ஒரு முள். இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் என்ன கலவையில் எரிகிறது என்று அது காட்டும். எண் குறைந்தால் பெட்ரோல் ஜாஸ்தி. எண் கூடினால் காற்று ஜாஸ்தி. குறைந்தால் ஜாஸ்தி என்பதே எனக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆனது. கணக்கில் ஃபெயில் ஆனவளை இப்படியெல்லாம் சோதிக்கக் கூடாது.

அந்தக் கேஜுக்கு சைலன்சர் குழாயில் ஒரு சென்சார் மாட்ட வேண்டும். குழாயில் ஏற்கெனவே ஒரு சென்சார் இருந்தது. கார் கம்பெனி வைத்தது. பெட்ரோல் கூடுதலா குறைவா என்று காருடைய கம்ப்யூட்டருக்கு அதுதான் மோந்து பார்த்துச் சொல்லும். அண்ணன் அதைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த ஓட்டையிலேயே புதுசை மாட்டினான். புது மாப்பிள்ளை வந்தாச்சு, பழைய ஆளுக்கு எதுக்கு நாற்காலி என்றான். அன்றிலிருந்து காருக்கு மூக்கு போய்விட்டது. மோந்து பார்க்க முடியாத பயத்தில் அது பாட்டுக்குப் பெட்ரோலை ஊற்ற ஆரம்பித்தது. இது போதாதென்று அண்ணன் மூன்று திருகையும் வலது பக்கமே திருகி வைத்தான். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் நின்று, போதும் என்கிறவர்களின் கையை விலக்கிவிட்டுச் சோறு போடுகிறவன் அவன். இன்ஜினையும் அவன் பந்தியில் உட்கார்ந்த ஆளாகத்தான் பார்த்தான்.

ஆலப்பாக்கம் வரைக்கும் போவோம். அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டுவான், நான் கேஜைப் பார்த்துச் சொல்வேன்.

"எவ்ளோ காட்டுது?"

"பத்து."

"நல்லா பாரு புள்ள."

"பத்துதான்டா. பத்துக்கும் கீழ போவுது."

"அப்ப வலது பக்கம் இன்னும் கொஞ்சம் திருவு."

பத்து என்பது கரி. சாதாரணமாக ஓட்டும்போது பதினான்கு பக்கம் நிற்க வேண்டும் என்று பரங்கிப்பேட்டைக்காரர் எத்தனையோ தடவை சொன்னார். அண்ணன் கேட்கவில்லை. பதினான்கு எல்லாம் அரபு நாட்டு வெயிலுக்கு, நம்ம ஊர் உப்புக்காற்றுக்குப் பத்துதான் சரி என்றான். எங்கள் பின்னால் வருகிறவர்கள் எல்லாம் லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ரசாயனக் கம்பெனிகள் இருக்கிற பக்கம் போனால் மூக்கைப் பொத்துவது ஊர் வழக்கம். அங்கேயே ஒரு வாட்ச்மேன் எங்கள் காரைப் பார்த்து மூக்கைப் பொத்தினார். அண்ணனுக்கு அதில் பெருமை.

அவன் போய்ப் பதினாறாம் நாள் படையல் போட்டார்கள். அவனுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்துவிட்டு, கடைசியில் காருக்கும் சூடம் காட்டினார்கள். அம்மா சந்தனத்தைக் குழைத்து ஸ்டியரிங்குக்கு ஒரு பொட்டு வைத்தாள், கியருக்கு ஒன்று வைத்தாள், பிறகு அந்தக் கேஜுக்கு வைத்தாள். நெற்றிக்கு வைக்கிற மாதிரி கண்ணாடியில் மேல்பக்கம் நட்டநடுவில் சந்தனம், அதன்மேல் எண்ணெய்யில் குழைத்த குங்குமம். கட்டைவிரல் அளவுக்கு. பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரைக்கும் அதற்கு அடியில் போய்விட்டது. நான் வாயைத் திறந்தேன். அம்மா அந்தக் கண்ணாடியை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

படையலில் வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, வருசத் தெவசம் முடிந்து கோயிலுக்குப் போய்வரும் வரைக்கும் இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். இன்ஜினில் கலவை சரியாக இருந்தால் முள் எங்கே நிற்க வேண்டுமோ அந்த இடம் மட்டும் யாருக்கும் தெரியாது. தப்பாக இருந்தால் நன்றாகத் தெரியும்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் பரங்கிப்பேட்டைக்காரர் தொழுகை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்து காரை ஸ்டார்ட் செய்து வைப்பார். அம்மா கைகூப்பி நிற்பாள். புகை தெருவை அடைக்கும். எதிர்வீட்டு அக்கா கொடியில் துணி இருக்கிறபோதே கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். சாம்பிராணிப் புகையில் நிற்கிற முகம். இந்த மரியாதை பொங்கல் வரைக்கும் நீடித்தது. பொங்கலுக்கு அவர் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் வம்சம் மறுபடியும் பாட்டில் வந்தது.

அப்பா தனியார் பஸ்ஸில் டிரைவர். கடலூர் சிதம்பரம் ரோட்டில் ஒரு நாளைக்குப் பல தடவை போய்வருகிறவர். பிள்ளைக்குத் தான் கொள்ளி வைத்துவிட்டு வந்த நாளிலிருந்து பேச்சே குறைந்துவிட்டது. வீட்டில் யாராவது அழ ஆரம்பித்தால் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, வெளியே போய்விடுவார். எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியாது. அவர்தான் காரைக் கொடுத்துவிடலாம் என்றார். வாங்கிக்கொள்ள ஆளும் இருந்தது. அம்மாவின் தம்பி, சேத்தியாத்தோப்பு மாமா. கரும்புக் கொல்லைக்குப் போய்வர அவருக்கு ஒரு கார் வேண்டுமாம். வந்து சுற்றிப் பார்த்தார். கேஸ் சிலிண்டர் வைத்துவிட்டால் மைலேஜ் கிடைக்கும் என்றார். இந்த டப்பா, வட்டம், ஒயர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் பாட்டுப்பெட்டி வைத்துக்கொள்கிறேன் என்றார். பத்து நாளைக்கு முன்னால் போனில் அவர்தான் அம்மாவிடம் சொன்னார், உன் பிள்ளை விஞ்ஞானியாக வந்திருக்க வேண்டியவன் என்று.

எனக்குக் கார் வேண்டும். காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். அவன் துணியைக் கொடுத்துவிட்டோம். செல்போனை மாமா பையன் எடுத்துக்கொண்டான். கட்டிலைப் பிரித்துப் பரணில் போட்டாயிற்று. வீட்டில் நான் அழுதால் அம்மா தொடங்கிவிடுவாள். அவள் தொடங்கினால் நிறுத்த முடியாது. அப்பா எழுந்து போய்விடுவார். அதனால் கடை முடிந்து வந்ததும் அந்தக் காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பச்சைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு அழுவேன். எனக்கு அழ வேறு இடம் கிடையாது. அந்தக் காரில் கரும்புக்கொல்லை மாமா பாட்டுப்பெட்டி வைத்து ஓட்டினால் நான் எங்கே போவேன்?

கொடுக்கக் கூடாது என்று நான் நின்றேன். கோயிலுக்கு அதில்தான் போக வேண்டும் என்று அம்மா நின்றாள். துக்கம் நடந்த வீட்டார் ஒரு வருசம் கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. தெவசம் முடிந்து முதலில் சிதம்பரம் போவது, அதுவும் அவன் காரில் போவது என்று அவள் மனசில் வைத்திருந்தாள். கடைசியில் அப்பா ஒரு முடிவு சொன்னார்.

"சிதம்பரம் போய்ட்டு தானா திரும்பி வந்துச்சின்னா வண்டி நம்ம வூட்லயே கெடக்கட்டும். வழியில நின்னுச்சின்னா நின்ன எடத்துலயே மாமன்கிட்ட சாவியக் குடுத்துருவேன்."

மாமா ரொம்ப நியாயம் என்றார். அன்றைக்குச் சிதம்பரத்தில் வந்து நிற்பதாகவும், இழுத்துப்போக டிராக்டருக்குச் சொல்லிவைத்திருப்பதாகவும், கயிறு தன்னிடமே இருப்பதாகவும் சொன்னார்.

கார் ஆலப்பாக்கம் தாண்டாது. அது எனக்குத் தெரியும். அவ்வளவு பெட்ரோல் ஊற்றினால் பிளக் கரி பிடித்து நெருப்பு வராமல் போய்விடும். அண்ணன் இருந்தபோதே அங்கே நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்பி வருவோம். ஆலப்பாக்கத்தைத் தாண்டாததற்கு அவன் சொன்ன காரணம், அங்கே டீ நன்றாக இருக்கும்.

பரங்கிப்பேட்டைக்காரர் சும்மா இருக்கவில்லை. சிதம்பரத்திலிருந்து ஒரு பெரிய மெக்கானிக்கை அழைத்து வந்தார். அவர் ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார். அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, இன்ஜின் ஏக்கத்தில் இருக்கிறது என்றார். ஓட்டின கை இல்லை என்று அதற்குத் தெரியுமாம். கேஜில் முள் பொட்டுக்கு இடது பக்கம் விழுந்து கிடந்ததைக் காட்டினேன். அது அவரோட ஸ்டைல் என்றார். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து பிளக்கை மாற்றினார்கள், ஃபில்டரை மாற்றினார்கள், பெட்ரோலையே வடித்துவிட்டு வேறு பங்க்கில் வாங்கி ஊற்றினார்கள். பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள். அந்த மூன்று திருகை மட்டும் யாரும் தொடவில்லை. மேதை வைத்த செட்டிங்.

மெக்கானிக் போன பிறகு பரங்கிப்பேட்டைக்காரரைப் பிடித்துக்கொண்டேன். நீங்கதானே பதினாலுன்னு அவன்கிட்ட தலையால அடிச்சிக்கிட்டீங்க, இப்ப இவங்ககிட்ட ஏன் சொல்லலன்னு கேட்டேன். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொன்னேன் தங்கச்சி. உசுரோட இருக்கயில சொன்னேன். இப்ப எப்புடிச் சொல்றது?"

"அப்ப நான் திருவிடட்டுமா?"

"அல்லாவே, என்னக் கேக்காத. அந்தத் திருவுல இன்னும் மச்சான் வெரலு கிரீஸ் இருக்கு."

இருந்தது. நானும் பார்த்திருக்கிறேன். மூன்று திருகிலும் கறுப்பாக. திருகினால் கார் தங்கும், அவன் வைத்தது போய்விடும். திருகாவிட்டால் அவன் வைத்தது அப்படியே இருக்கும், ஆனால் மாமா பிடுங்கிப் போட்ட டப்பாவில், எங்கேயோ ஒரு பரணில். அம்மாவிடம் ஒரு தடவை மெல்லக் கேட்டுப் பார்த்தேன். அவன் கை பட்டதுல கை வச்சின்னா எனக்கு மக இல்லன்னு வச்சிக்க என்றாள்.

தெவசம் முடிந்து அடுத்த ஞாயிறு கிளம்பினோம். அப்பா ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததும் வயிறு இடித்தது. அண்ணன் ஒல்லி. குனிந்து ஒரு கம்பியை இழுத்து சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டார். ஒரு வருசமாக அந்த சீட் அவன் வைத்த இடத்திலேயே இருந்தது. அம்மா பின்சீட்டில் அவன் படத்தையும் அர்ச்சனைக் கூடையையும் மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். நான் என் இடத்தில், கேஜுக்கு எதிரில். பரங்கிப்பேட்டைக்காரர் ஒரு பை நிறைய பிளக்கோடு பைக்கில் பின்னால் வந்தார். துணைக்கு வருகிறாராம். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

அப்பா பஸ் ஓட்டுகிற மாதிரியேதான் ஓட்டினார். முதுநகர் ஸ்டாப்பில் மெதுவாக்கினார். நின்றிருந்தவர்கள் காருக்குள் எட்டிப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். பிறகு ஞாபகம் வந்து எடுத்தார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இப்படி. ஒவ்வொரு தடவை மெதுவாக்கி எடுக்கும்போதும் கார் குலுங்கி இருமியது. கண்ணாடியில் பார்த்தால் பரங்கிப்பேட்டைக்காரரின் சட்டை சாம்பல் நிறமாகியிருந்தது. ஆலப்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் இழுவை போய்விட்டது. டீக்கடை வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

பரங்கிப்பேட்டைக்காரர் பானட்டைத் திறந்து வேறு பிளக் மாட்டினார். முகத்தில் கண் மட்டும் வெள்ளையாக இருந்தது. மாட்டி முடித்து, இன்ஜினை ஓடவிட்டுவிட்டுக் கை கழுவப் போனார். அம்மா இறங்கி, டீக்கடை பெஞ்சில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காரில் அப்பாவும் நானும்தான். மாமாவிடமிருந்து போன் வந்தது. எங்கே நிற்கிறீர்கள், டிராக்டரை அனுப்பவா என்று கேட்டார். அப்பா போனைக் கட் செய்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கேஜில் விழுந்து கிடந்த முள்ளைக் காட்டினார்.

"இது ஏம்மா இப்புடிக் கெடக்கு?"

பெட்ரோல் ஜாஸ்திப்பா என்றேன். இதோ இந்தத் திருகில் குறைக்கலாம், அண்ணன் வைத்தது என்பதால் யாரும் தொட மாட்டேன் என்கிறார்கள் என்றேன். அவர் திருகைப் பார்த்தார். நான் அவர் உட்கார்ந்திருந்த சீட்டைப் பார்த்தேன். சீட்டைத் தள்ளினபோது வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

"அம்மா பாப்பாப்பா."

"அம்மா டீ குடிக்கிறா."

முதல் திருகைப் பிடித்தேன். கிரீஸ் வழுக்கியது. இடது பக்கம் திருகினேன். அவ்வளவு நேரமும் குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்கிக்கொண்டிருந்த கார் நின்ற இடத்தில் அடங்கியது. என் விரலில் கறுப்பு ஒட்டிக்கொண்டது. துப்பட்டாவில் துடைக்கலாமா வேண்டாமா என்று ஒன்றும் தோன்றாமல் விரலை மடக்கி வைத்துக்கொண்டேன்.

அம்மா வந்து ஏறினாள். கிளம்பினோம். அப்பா ரோட்டைப் பார்த்தபடி, எவ்வளவு என்று மெதுவாகக் கேட்டார். பத்து என்றேன். நடுத் திருகைத் திருப்பினேன். பதினொன்று. பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"என்னாடி திருவுற?"

"ஏசிம்மா."

"ஏசி வேல செய்யாதேடி இதுல."

"அதான் திருவுறன்."

அவள் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள். புதுச்சத்திரம் தாண்டி ரோடு நேராக வந்தது. இன்னும் கொஞ்சம் திருகினேன். முள் மெல்ல எழுந்து குங்குமத்துக்கு அடியில் நுழைந்தது.

"இப்ப எவ்ளோ?"

"தெரியலப்பா. பொட்டுக்குப் பின்னால பூடுச்சி."

"அப்ப அங்கயே வச்சிக்க."

ஆசை விடவில்லை. மூன்றாவது திருகைத் திருப்பிவிட்டு, கொஞ்சம் மிதித்துப் பாருங்கள் என்றேன். மிதித்தார். முள் பொட்டுக்கு அந்தப் பக்கம் வெளியே வந்து எட்டிப் பார்த்தது. இன்ஜினுக்குள் தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டின சத்தம். அப்பா சட்டென்று காலை எடுத்தார், நான் திருகைப் பின்னால் கொண்டுவந்தேன். மறுபடியும் பொட்டுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் எதையும் தொடவில்லை. அந்தக் கார் அப்படிப் போய் நான் பார்த்ததே இல்லை. அதுவரைக்கும் அது ஒரு இடத்துக்குப் போகிற சாமான் என்பதே எனக்குத் தெரியாது.

பி.முட்லூருக்கு முன்னால் பரங்கிப்பேட்டைக்காரர் பைக்கை முறுக்கிக்கொண்டு எங்களை முந்தி வந்து கையைக் காட்டி நிறுத்தினார். ஓடிவந்தார். புகையே வரவில்லை, என்னவோ ஆகிவிட்டது, வண்டியை ஆஃப் செய்யுங்கள் என்றார். சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டவர் திருகுகளைப் பார்த்தார். அப்புறம் கேஜைப் பார்த்தார். அப்புறம் என் விரலைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். கரி போகவில்லை, கன்னத்தில் இழுபட்டது.

"என்னா தம்பி ஆச்சி? சொல்லேன்," என்றாள் அம்மா.

"ஒன்னும் இல்ல அத்த. மச்சான் வச்ச செட்டிங்கு இப்பதான் செட்டாயிருக்கு. கொஞ்சம் டைம் எடுக்கும்னு அப்பவே சொன்னாப்ல."

அம்மா படத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். எம் புள்ள என்றாள். அவ்வளவுதான்.

கீழ வீதியில் மாமா தோளில் கயிற்றோடு நின்றார். கார் சத்தமில்லாமல் வந்து அவர் காலடியில் நின்றபோது கயிற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். பெரிய மெக்கானிக்கும் வந்திருந்தார். ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்டு, இதுதான் அவர் கை, ஏக்கம் தெளிந்துவிட்டது என்றார். மாமா, நான் அப்பவே சொல்லலியா, அவன் மேதை என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஒரு வருசத்துக்குப் பிறகு கோயிலுக்குள் போனோம். அம்மா விளக்கேற்றினாள். நான் என்ன கும்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை. விரலில் இருந்த கறுப்பு நெய் பட்டுப் போய்விடாமல் விரலை மடக்கி வைத்திருந்தது ஞாபகம் இருக்கிறது.

திரும்பி வரும்போதுதான் நான் எதை ஜெயித்தேன் என்று தெரிந்தது. வண்டி நன்றாக ஓடுகிறது என்ற சேதி பரவிவிட்டது. மாமா, கடலூரில் ஒரு வேலை இருக்கிறது என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். மாமாவைத் தேடி வந்த அவர் சம்சாரமும் பிரசாதக் கூடையோடு ஏறினார். நான் பின்சீட்டில் அத்தைக்கும் அம்மாவுக்கும் நடுவில், காலுக்கடியில் ஒரு வாழைத்தார். அடுத்த மாதம் பெண் பார்க்கப் போக இந்த வண்டிதான் என்று மாமா சொல்லிக்கொண்டு வந்தார். அப்புறம் வளைகாப்பு, அப்புறம் பழனி. கண்ணாடி ஏற்றிவிட்டுத் தனியாக உட்கார இனி அந்தக் காரில் இடம் கிடைக்கப்போவதில்லை.

வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. துப்பட்டாவை எடுக்கப் பார்த்தேன். அதன்மேல் அத்தை உட்கார்ந்திருந்தார். சத்தமாகவே வந்தது. நான் பயந்த மாதிரியே அம்மாவும் தொடங்கினாள். அத்தையும் சேர்ந்துகொண்டார். மாமா திரும்பி, கோயிலுக்குப் போய்ட்டு வரயில இப்புடி அழுவலாமா, நிறுத்துங்க என்று அதட்டினார்.

அப்பாவைப் பார்த்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்ப வழியில்லை. ஓட்டுகிறவர் எழுந்து வெளியே போக முடியாது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது. முன்னால் தொங்கிய சின்னக் கண்ணாடியில் அவர் கண் என்னைப் பார்த்தது, பிறகு ரோட்டைப் பார்த்தது.

"அழுவட்டும், உடு," என்றார் மாமாவிடம்.

ஸ்டாப்புகள் வந்தன, போயின. எதிலும் அவர் மெதுவாக்கவில்லை. அவர் முகமும் நனைந்திருந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. கடலூர் வரைக்கும் ஒரே வேகத்தில் ஓட்டினார்.